ஆவணி முதல் ஐப்பசி வரை: ராமநாதபுரம் கடற்கரையில் குழுவாக வலசைப் பறவை பார்க்க முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரைக்குப் பறவை பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் தை, மாசியில்தான் வருகிறார்கள். தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டம் நிற்கும் மாதங்கள் அவை, வெயிலும் தாங்கும்படி இருக்கும். ஆனால் வலசை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே வர வேண்டும். ஆவணி, புரட்டாசியில் வந்தால் சைபீரியத் தூந்திரத்திலிருந்தும் திபெத்தியப் பீடபூமியிலிருந்தும் வந்து அப்போதுதான் இறங்கிய பறவைகளைப் பார்க்கலாம். சிலவற்றின் உடலில் இனப்பெருக்கக்காலச் செந்நிறம் இன்னும் மிச்சமிருக்கும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள், வழிகாட்டத் தாய் தந்தை இல்லாமல் வந்து சேர்ந்து சேற்றில் இரை தேடிக்கொண்டிருக்கும். தை மாதத்தில் இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி மறைந்து, எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்தக் கரைக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியாக வருபவருக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஆடிக் கடைசியிலேயே முதல் பறவைகள் வந்துவிடும். அப்போது வருபவை முதிர்ந்தவை. கோட்டான் உள்ளான் என்ற கரைப்பறவையில் ஆண் அடைகாப்பதில்லை. பெண் முட்டைமேல் உட்கார்ந்ததும் அது தெற்கே கிளம்பிவிடும். அதனால் ஆகஸ்டில் கண்ணில் படும் கோட்டான் உள்ளான்களின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகளைப் பார்க்கலாம். செப்டம்பரில் இளம் பறவைகள் வந்து கலக்கும். அவற்றின் முதுகிறகுகள் ஒவ்வொன்றிலும் வெளிர் ஓரம் இருப்பதால், மீன் செதில் அடுக்கியதுபோல முதுகு துப்புரவாகத் தெரியும். பக்கத்தில் நிற்கும் முதிர்ந்த பறவையோ தேய்ந்த இறகுகளோடு, சிறகில் இடைவெளி விழுந்து, இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரைதான் குழுவைக் கூட்டிவர ஏற்ற நேரம். முதிர்ந்தவை, இளசு இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம், மழையும் தொடங்கியிருக்காது. அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வண்டி, படகு, தங்குமிடம் எல்லாமே நிச்சயமில்லாமல் போகும். செப்டம்பர் 6 உலகக் கரைப்பறவைகள் நாள். அதையொட்டிய வாரத்தில் உலகமெங்கும் கரைப்பறவைகளை எண்ணுகிறார்கள். உங்கள் குழு அந்த வாரத்தில் வந்தால் எண்ணிக்கைக்குக் கூடுதல் பயன் உண்டு.

இந்தப் பருவத்தில் எதிர்பார்க்கக் கூடாதவற்றையும் கிளம்பும் முன்பே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். பூநாரை கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பி யாரையும் அழைத்து வரவேண்டாம். கடற்காகங்களில் பெரும்பகுதி ஐப்பசிக்குப் பிறகுதான் வரும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் ஆகிய கண்மாய்ச் சரணாலயங்கள் பெயர் பெற்றவைதான். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் செப்டம்பரில் அந்தக் கண்மாய்கள் பெரும்பாலும் காய்ந்து, கருவேல மரங்கள் மட்டும் நிற்கும். மழை பெய்து நீர் நிரம்பிய பிறகுதான் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அங்கே கூடுகட்ட வரும். ஆகவே இந்தப் பயணத்தில் கண்மாய்களை விட்டுவிட்டு, இருக்கும் நேரம் முழுவதையும் கடலோரத்துக்குக் கொடுங்கள்.

நாள் குறிக்கும்போது நிலவையும் காற்றையும் பாருங்கள்

இங்கே கடலின் ஏற்றவற்றம் மிகக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். குஜராத்திலோ வங்கத்திலோ பறவை பார்த்துப் பழகியவர்கள் இதைக் கேட்டதும் கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது தவறு. கரை அவ்வளவு தட்டையாக இருப்பதால் ஒரு சாண் நீர் இறங்கினாலே பல ஏக்கர் சேறு வெளியே வந்துவிடும். கரைப்பறவைகள் அந்தச் சேற்றில்தான் மேயும். நீர் ஏறும்போது மேய்ச்சலை விட்டுவிட்டு ஏதாவதொரு மணல்திட்டில் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். பரவி மேயும் பறவைகளைப் பார்க்க நீர் வற்றும் நேரமும், ஒரே இடத்தில் நிற்கும் கூட்டத்தை எண்ண நீர் ஏறும் நேரமும் வேண்டும். இரண்டும் ஒரே பகலில் கிடைக்கும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நீர் அதிகமாக ஏறி இறங்குவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்துத்தான். ஆனால் ராமேஸ்வரத்தில் அமாவாசை என்றால் ஊரே நிரம்பிவிடும். அதிலும் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்திலிருந்து தனுஷ்கோடி வரை மக்கள் கூட்டம்தான். அறை கிடைக்காது, சாலை நகராது, பறவைக்கும் உட்கார இடமிருக்காது. அமாவாசைக்கு மூன்றாம் நாள் வாருங்கள், அல்லது பௌர்ணமிப் பக்கம் பாருங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் காற்று. இந்தக் கரைக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தை மீனவர்கள் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் நேர்மாறு. செப்டம்பரில் இன்னும் கச்சான்தான். அதனால் அந்த மாதத்தில் முதலில் பாக் நீரிணைப் பக்கத்துச் சேற்றையும் உள்வாங்கிய உப்பங்கழிகளையும் தேடுங்கள். அக்டோபரில் காற்று மாறும் இடைவெளியில் சில நாள் இரண்டு பக்கமும் அமைதியாக இருக்கும். வாடை பிடித்துவிட்டால் தெற்குப் பக்கத்துக்கு மாறுங்கள். நீர் இவ்வளவு ஆழமற்றதாக இருக்கும் இடத்தில் பலத்த காற்றே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேற்றை மூடவோ திறக்கவோ செய்துவிடும். ஓத அட்டவணை வற்று என்று சொல்லும் நேரத்தில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்பதும் உண்டு. முந்தின நாள் மாலை கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் “அண்ணே, நாளைக்குக் காத்து எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். எந்தச் செயலியும் தராத விவரம் அங்கே கிடைக்கும்.

இடங்களைத் தேர்ந்தெடுப்பது

இரண்டரை நாள் இருந்தால் போதும். எல்லா இடத்தையும் தொட்டுவிட வேண்டும் என்று ஓடினால் வண்டிக்குள்தான் அதிக நேரம் போகும்.

மண்டபம் பக்கத்தில் பிள்ளைமடம் உப்பங்கழிதான் முதல் மாலைக்கு ஏற்றது. ஊர் வந்து சேர்ந்த அலுப்போடு அதிகம் நடக்காமல், விளிம்பில் நின்றே பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்திகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். மண்டபம் இந்தியக் கரைப்பறவை ஆய்வில் முக்கியமான ஊர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முனைவர் எஸ். பாலச்சந்திரன் 1980களில் இங்கேயும் பக்கத்துத் தீவுகளிலும் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு ஆய்வு செய்தார். இந்தக் கரைக்கு எந்தப் பறவை எப்போது வருகிறது, எது கோடையிலும் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்குகிறது என்பதற்கெல்லாம் அந்த ஆய்வு ஓர் அடித்தளம். கோடையில் தங்குபவை பெரும்பாலும் ஒரு வயதுப் பறவைகள். ஆகஸ்டில் மிகத் தேய்ந்த இறகோடு, நிறமே இல்லாமல் நிற்கும் ஓர் உப்புக்கொத்தியைப் பார்த்தால், அது புதிதாக வந்ததாக இல்லாமல் போன வருடம் வந்து தங்கிவிட்டதாகவும் இருக்கலாம்.

இரண்டாம் நாள் முழுவதும் தனுஷ்கோடிக்கு. கோதண்டராமர் கோவிலைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பு, அங்கிருந்து அரிச்சல்முனை வரை சாலையின் இரு பக்கமும் உள்ள மணல், சேறு, தேங்கிய நீர் என எல்லாமே பறவை இடங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் இது. இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்க வருபவர்களின் கூட்டம் காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல் பெருகும். அதற்கு முன்பாக உங்கள் வேலையின் முக்கியப் பகுதியை முடித்துவிட வேண்டும். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு இங்கே சுமார் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது.

மூன்றாம் நாள் காலைக்கு இரண்டு வழிகள் உண்டு. வடக்கே தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறை ஏற்பாட்டில் படகு ஓடுகிறது. குழந்தைகளும் வயதானவர்களும் குழுவில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தெற்கே போனால் வாலிநோக்கம் உப்பளங்கள். நீர் கொஞ்சம் கொஞ்சமாக உப்பாகும் பாத்திகளில் ஒவ்வொரு அளவு உப்புக்கும் ஒவ்வொரு விதப் பறவை நிற்கும். உப்பு குறைந்த முதல் பாத்திகளில் மீன் இருக்கும், அங்கே ஆலாவும் கொக்கும். கரிப்பு ஏறிய பாத்திகளில் மீன் இல்லை, சிறு புழுப்பூச்சிகள் உண்டு, அங்கே உள்ளான்கள். பறவையைத் தீவிரமாகப் பார்ப்பவர்கள் வாலிநோக்கத்தையே விரும்புவார்கள் என்பது என் எண்ணம்.

அனுமதி

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. மனோலித் தீவில் பறவை அதிகம் என்று கேள்விப்பட்டு யாரிடமாவது படகு பேசி அங்கே இறங்குவது சட்டப்படி குற்றம், படகுக்காரரையும் சிக்கலில் மாட்டிவிடும். தனுஷ்கோடிச் சரணாலயப் பகுதியில் சாலையை விட்டு இறங்கி எங்கே நடக்கலாம் என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, குழுவின் பெயர்ப் பட்டியலோடு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். உப்பளத்துக்கு அதை நடத்துபவர்களின் அனுமதி வேண்டும். வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் பெரிய அளவில் உப்பு எடுக்கிறது. பாத்தி வரப்பில் நடக்கும்போது தொழிலாளர்களின் வேலைக்கு வழிவிட்டு நடங்கள்.

இலங்கையின் தலைமன்னார் அரிச்சல்முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். எல்லைப் பகுதி என்பதால் கடலோரக் காவல் குழுமம், கடலோரக் காவல்படை, கடற்படை எல்லாரும் கண்காணிப்பார்கள். நீண்ட லென்ஸ், ஸ்கோப் (முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி) வைத்திருக்கும் பத்துப் பேர் நின்றால் வந்து விசாரிப்பார்கள், அது அவர்கள் கடமை. எல்லாரும் அசல் அடையாள அட்டை வைத்திருங்கள். டிரோன் எடுத்து வரவே வேண்டாம். கைபேசி சில இடங்களில் இலங்கை சிக்னலைப் பிடித்துவிடும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

குழுவை அமைப்பது

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வேனில் அடங்கும் அளவு, ஒருவர் மெதுவாகப் பேசினால் எல்லார் காதிலும் விழும் அளவு. ஒவ்வொரு ஆறு பேருக்கும் ஒரு ஸ்கோப் இருந்தால் நல்லது. இந்தக் கரையில் பைனாகுலர் மட்டும் வைத்து உள்ளான்களைப் பிரித்தறிய நினைத்தால் கிட்டே போகத் தோன்றும், கிட்டே போனால் பறவை பறந்துவிடும். ஆக ஸ்கோப் என்பது பறவைக்கு நாம் கொடுக்கும் இடைவெளி. வாங்க முடியாவிட்டால் இரவல் கேளுங்கள். ஸ்கோப் வைத்திருக்கும் ஒருவரைக் குழுவில் சேர்ப்பதே போதும்.

வேலையைப் பிரித்துக்கொடுங்கள். ஒருவர் முன்னால் நடப்பார், அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. ஒருவர் கடைசியில் வருவார், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வார். இரண்டு பேர் எண்ணுவார்கள், ஒருவர் எழுதுவார். புதிதாக வந்தவர்களுக்கு ஸ்கோப்பில் முதல் இடம். இந்தக் கடைசி விதியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அனுபவமுள்ளவர் ஒரு நிமிடம் காத்திருந்தால் அவருக்கு ஒன்றும் குறையாது, முதல்முறை பார்ப்பவர் அந்த ஒரு நிமிடத்தில் வாழ்நாள் முழுக்கப் பறவை பார்ப்பவராக மாறக்கூடும்.

படம் எடுப்பவர்கள் இருந்தால் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்: எண்ணி முடியும் வரை யாரும் நெருங்கக் கூடாது, பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பக் கூடாது. அழைப்பொலியைப் போட்டு ஈர்ப்பதும் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

அரிச்சல்முனைச் சாலையில் நிழல் கிடையாது. தலைக்குக் கழுத்தையும் மறைக்கும் தொப்பி அல்லது துண்டு, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும், அதனால் கண்ணுக்குக் கண்ணாடி, லென்ஸுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. சேற்றில் செருப்பு நிற்காது, பழைய கான்வாஸ் ஷூ போதும். பிரகாசமான வெள்ளை, சிவப்பு உடை வேண்டாம். பேனா மழையிலும் வியர்வையிலும் கரையும், பென்சிலே சிறந்தது.

கழிப்பறையைப் பற்றிப் பலரும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று பெண்கள் மயங்கும் நிலை வருகிறது. ராமேஸ்வரத்தில் அறையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு முறை, இடையில் எங்கே நிறுத்தலாம் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே ஒரு பேச்சு. திட்டத்திலேயே அதற்கு நேரம் எழுதி வையுங்கள்.

தனுஷ்கோடிக் காலை, படிப்படியாக

வாகனங்களுக்கு நேரக்கட்டுப்பாடு உண்டு, விடிந்த பிறகுதான் விடுவார்கள், இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். அன்றைய நேரத்தை முந்தின நாளே விசாரித்து, வழி திறக்கும்போது முதல் வண்டியாக நில்லுங்கள்.

வழியில் எங்கும் நிறுத்தாமல் நேராக அரிச்சல்முனைக்குப் போய்விடுங்கள். இரண்டு காரணம். முனையின் மணலில் இரவு தங்கிய ஆலாக் கூட்டம் முதல் சுற்றுலாப் பயணி வந்ததும் கலைந்துவிடும், அதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டாவது, வெளிச்சம். நிலம் கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது. காலையில் மேற்கிலிருந்து கிழக்கே பார்த்துக்கொண்டு போனால் சூரியன் முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். முனையிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பி வந்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால், கால் நிறம் வரை துல்லியமாகத் தெரியும். மாலையில் இதைத் திருப்பிப் போடுங்கள்: கோதண்டராமர் கோவிலில் தொடங்கிக் கிழக்கே நகருங்கள்.

முனையில் ஆலாக்களைப் பார்த்து முடித்ததும் வண்டியை மெதுவாகத் திருப்பி, சேறும் தேங்கிய நீரும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். எல்லாரும் வண்டியின் ஒரே பக்கமாக, பறவை இல்லாத பக்கமாக இறங்க வேண்டும். கதவை அறையக் கூடாது. இறங்கியதும் ஐந்து நிமிடம் யாரும் நகராமல் நில்லுங்கள். முதலில் விலகிப்போன பறவைகள் திரும்ப மேயத் தொடங்கும். அப்போதுதான் கண்ணை ஓட்டுங்கள்.

கிட்டே போயே ஆக வேண்டுமென்றால் நேராக நடக்காதீர்கள். சாய்வாக, பறவையைப் பார்க்காததுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து, சில அடிக்கு ஒரு முறை நின்று போங்கள். குழுவாக ஒருவரை ஒட்டி ஒருவர் நில்லுங்கள். கை கோத்த வரிசைபோலப் பரந்து நடந்தால் பறவைக்கு அது வளைப்பதாகத் தோன்றும். மேய்வதை நிறுத்தி எல்லாத் தலையும் நிமிர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். உட்காருவது பல வகையில் நல்லது. கச்சான் காற்றில் ஸ்கோப்பின் காலைத் தாழ்த்தி வைத்தால் ஆடாது. வேனின் மறைவில் உட்கார்ந்தால் மணலும் அடிக்காது. ஏறும் நீர் சேற்றை மூடிக்கொண்டு வரும்போது, மேயும் கூட்டமே தானாக உங்கள் பக்கம் நகர்ந்து வரும்.

ஏன் இவ்வளவு கவனம் என்று குழுவில் யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். ஒரு கொசு உள்ளான் சுமார் 25 கிராம் எடை. ஆர்க்டிக் ஓரத்திலிருந்து இங்கே வருவதற்குள் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்துவிடும். மூக்கன் போன்ற நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகள் கிளம்பும் முன் குடல், இரைப்பையையே சுருக்கிக்கொள்கின்றன. இறங்கிய பிறகு அவற்றைத் திரும்ப வளர்த்துக்கொள்ள வேண்டும். பட்டைவால் மூக்கன் ஒன்று 2022ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்ததை உடலில் பொருத்திய கருவி காட்டியது. நம் கரைக்கு வருபவை வேறு பாதையில், மத்திய ஆசியப் பறக்கும் பாதையில் வருபவை, ஆனால் உடலின் கணக்கு ஒன்றுதான். வந்திறங்கிய முதல் நாட்களில் ஒவ்வொரு வற்று நேரமும் அவற்றுக்குச் சாப்பாட்டு நேரம். பன்னிரண்டு பேர் வந்து மூன்று முறை கிளப்பிவிட்டால் அந்த வேளைச் சோறு போச்சு.

எதை எப்படி அடையாளம் காண்பது

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். முதலில் நடையைப் பாருங்கள். ஓடி, நின்று, ஒரே கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி. கண்ணால் இரை தேடும் பறவை அது. தலையைத் தூக்காமல் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை. அலகின் நுனியில் உள்ள தொடுவுணர்வால் இரை தேடுகிறது.

உப்புக்கொத்திகளில் இங்கே அதிகம் தெரிவது சிறு மணல் உப்புக்கொத்தி. திபெத்தியப் பீடபூமி, லடாக் பக்கத்து உயரங்களில் கூடு கட்டுவது. ஆகஸ்டில் மார்பில் செங்காவிப் பட்டை மிச்சமிருக்கும். அதன் நடுவில் பெரு மணல் உப்புக்கொத்தியும் நிற்கும்: அலகு நீண்டு தடித்தது, கால் உயரம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்வரை காத்திருந்து ஒப்பிடுங்கள், தனியாக நிற்கும் ஒன்றை வைத்துச் சண்டை போடாதீர்கள். சாம்பல் உப்புக்கொத்தி பறக்கும்போது அக்குளில் கறுப்புத் திட்டு தெரியும், வேறெதற்கும் அது கிடையாது.

வளைந்த நீண்ட அலகோடு பெரிதாக ஒன்று நின்றால் கோட்டான். தலையுச்சியில் கறுப்பும் வெளிருமாகக் கோடு இருந்தால் சிறு கோட்டான், கோடின்றி அலகு மிக நீளமாக இருந்தால் பெரிய கோட்டான். மூக்கன்களில் பறக்கும்போது சிறகில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரிந்தால் கருவால் மூக்கன், தெரியாவிட்டால் பட்டைவால் மூக்கன். காய்ந்த கடற்பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தால் கல்திருப்பி, அதற்கு விளக்கமே தேவையில்லை.

நண்டுதின்னியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெள்ளை உடல், கறுப்பு முதுகு, தடித்த கறுப்பு அலகு, நீண்ட கால். தூரத்திலிருந்தே தெரியும். மற்றவை வடக்கிலிருந்து வரும்போது இது மேற்கே அரபிக் கடலோரம், பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வருகிறது. கரைப்பறவைகளில் இது ஒன்றுதான் மணலில் வளை தோண்டிக் கூடு வைப்பது. பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை முட்டையிடும். வளைக்குள்ளேயே குஞ்சுக்கு இரை கொண்டுபோய்க் கொடுக்கும். இன்னும் வியப்பான ஒன்று, வலசை வந்த பிறகும் பெற்றோர் குஞ்சோடு இருந்து இரை ஊட்டுவது உண்டு. சாம்பல் கலந்த முதுகோடு ஒரு இளம் பறவை பெரியதன் பின்னால் கெஞ்சிக்கொண்டே ஓடுவதைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். நண்டு எத்தனை பிடித்தது, எத்தனை கொடுத்தது என்று எழுதுங்கள். இந்தக் கரையின் தனிச்சொத்து அது.

ஆலாக்களுக்கு அலகின் நிறமே போதும். காக்கையைவிடப் பெரிதாக, கேரட் தடிப்பில் சிவப்பு அலகோடு இருந்தால் காஸ்பியன் ஆலா. மஞ்சள் அலகு பெருங்கொண்டை ஆலா, ஆரஞ்சு என்றால் சிறுகொண்டை ஆலா. கறுப்பு அலகின் நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் சாண்ட்விச் ஆலா. முழுக் கறுப்பாகக் குட்டையாகத் தடித்திருந்தால் தடியலகு ஆலா.

தரைப்பறவைகளையும் மறக்க வேண்டாம். தனுஷ்கோடியின் கருவேலப் புதர்களும் மண்டபத்துத் தோப்புகளும் கடலைத் தாண்டப்போகும் பறவைகளுக்குக் கடைசி நிழல். தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான், சோளக்குருவி, மாங்குயில் எல்லாம் கண்ணில் படும். அக்டோபரில் ஆறுமணிக்குருவி வந்து விடுதிச் சுவரோரம் களைத்து உட்கார்ந்திருக்கும். அப்படிக் கண்டால் பூனையையும் நாயையும் விரட்டிவிட்டு, வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாமல், ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டில் சிறிது நேரம் வைத்து, தெளிந்ததும் விட்டுவிடுங்கள்.

எண்ணுவதும் எழுதுவதும்

பெருங்கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்து ஸ்கோப்பில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டம் முழுவதையும் அளந்து போங்கள். இருவர் தனித்தனியாக எண்ணி, பிறகே ஒப்பிட வேண்டும். இரண்டு எண்ணும் வெகு தூரம் விலகினால் மறுபடி எண்ணுங்கள். மொத்த எண்ணோடு முதிர்ந்தது எத்தனை, இளசு எத்தனை என்று ஒரு பகுதிக்காவது எழுதுங்கள். அந்த வருடம் வடக்கே குஞ்சு பிழைத்ததா என்பதை அந்த விகிதத்தில் படிக்கலாம்.

ஈபேர்ட் (eBird) என்னும் இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் போடும்போது ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பட்டியல். பிள்ளைமடத்தையும் அரிச்சல்முனையையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஒருவர் மட்டும் பட்டியலிட்டு மற்றவர்களோடு பகிரட்டும், இல்லாவிட்டால் அதே கூட்டம் பன்னிரண்டு முறை கணக்கில் ஏறும். காக்கை, மைனாவையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுப் பட்டியல்.

காலில் வளையமோ கொடியோ தெரிந்தால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிறங்கள், எழுத்து எண் என்று எழுதி, மங்கலாக இருந்தாலும் படம் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பறவை எங்கே எப்போது வளையமிடப்பட்டது என்று பதில் வரும்போது குழுவில் எல்லாருக்கும் தெரியப்படுத்துங்கள்.

நடுப்பகலும் கரை மக்களும்

பத்து மணிக்கு மேல் மணலிலிருந்து கானல் எழும், ஸ்கோப்பில் எல்லாம் நெளியும். அந்த நேரத்தில் பார்த்து எழுதுவது தப்பான கணக்காகத்தான் முடியும். ராமேஸ்வரம் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குங்கள், மூன்றரைக்குக் கிளம்பினால் போதும். இல்லை, தனுஷ்கோடியிலேயே இருப்பதென்றால் ஓலைக் கடையில் மீன் வறுவலும் சோறும் கிடைக்கும். கடைக்காரர்கள் மணலில் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் வருவதைப் பார்க்கலாம், இருபுறமும் உப்புக்கடல் இருக்க அது ஒரு தனி அதிசயம்.

கரைவலை இழுப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், ஆனால் இழுக்கும் நேரத்தில் குறுக்கே போகாதீர்கள். ஆலா எங்கே விழுந்து எழுகிறது என்பதை வைத்து மீன் கூட்டம் எங்கே என்று அவர்கள் சொல்வார்கள். எந்த மாதம் எந்தப் பறவை வந்தது, முன்பு எவ்வளவு வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அவர்கள் வீட்டையும் வலையையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

பறவை பிடிக்கக் கட்டிய வலையோ கண்ணியோ கண்ணில் பட்டால் அங்கே யாரிடமும் வாக்குவாதம் செய்யாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க அவர்களால் முடியும்.

திரும்பிய பிறகு

ஒரு வாரத்துக்குள் பட்டியல், படங்கள், எண்ணிக்கை மூன்றையும் ஒருவர் ஒரே கோப்பாகச் சேர்த்துவிட வேண்டும். அதன் ஒரு படியை நீங்கள் அனுமதி வாங்கிய வனச்சரக அலுவலகத்துக்குக் கொடுங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு ஆட்கள் தேவைப்படும், அதற்கு உங்கள் குழுவின் பெயரையும் அப்போதே சொல்லி வையுங்கள். முடிந்தால் அதே இடங்களுக்கு, அதே மாதத்தில், அதே நிலவுநாளில் அடுத்த வருடமும் வாருங்கள். ஒரு வருட எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஐந்து வருட எண் இருந்தால் பிள்ளைமடத்தில் உள்ளான் கூடுகிறதா குறைகிறதா என்று பேச முடியும்.